ஐபிஎம் நிறுவனத்தில் செயற்கை நுண்ணறிவு ஆய்வு

அமெரிக்காவின் ஐபிஎம் நிறுவனத்தில் செயற்கை நுண்ணறிவு ஆய்வு 1950களில் தொடங்கியது. அங்குப் பணியாற்றிய ஆர்தர் சாமுவேல், ஆடி ஆடித் தன் ஆட்டத்தைத் தானே மேம்படுத்திக்கொள்ளும் செக்கர்ஸ் நிரலை உருவாக்கி, 1959இல் அதுபற்றிக் கட்டுரை வெளியிட்டார். செயற்கை நுண்ணறிவுத் துறைக்குத் தொடக்கமாகக் கருதப்படும் 1956ஆம் ஆண்டின் டார்ட்மவுத் கூட்டத்தை முன்மொழிந்த நால்வரில் ஐபிஎம்மின் நத்தானியல் ராச்செஸ்டரும் ஒருவர்.

பொதுமக்கள் நினைவில் நிற்பவை வேறு: 1997இல் உலக வாகையர் காஸ்பரோவைச் சதுரங்கத்தில் 3.5–2.5 என வென்ற டீப் புளூ கணினி, 2011இல் ஜெப்பர்டி வினாடி வினாவில் வென்ற வாட்சன். ஆனால் நிறுவனத்தின் நிலைத்த கொடை, அதிகம் பேசப்படாத பேச்சுணர் ஆய்வுதான். 1970களில் பிரெடெரிக் ஜெலினெக்கின் குழு, மொழியியல் விதிகளை எழுதி ஊட்டும் வழக்கத்தை விடுத்து, ஒரு சொல்லையடுத்து எச்சொல் வரக்கூடும் என்ற நிகழ்தகவைப் பெருந்தொகை உரையிலிருந்து கணக்கிட்டது. துணிச்சலான திருப்பம் அது. கனடா நாடாளுமன்றத்தின் ஆங்கில, பிரெஞ்சு நடவடிக்கைக் குறிப்புகளை வைத்து, 1990 வாக்கில் அதே வழியிலான இயந்திர மொழிபெயர்ப்பும் பிறந்தது.

அந்தக் கணித மாதிரிகளைப் பின்னர் நரம்பியல் வலையமைப்புகள் ஒதுக்கிவிட்டனவே என்று கேட்கலாம். ஒதுங்கியது கருவி, அடுத்த சொல்லைத் தரவிலிருந்து கணிக்கும் கொள்கை இன்றைய மொழி மாதிரிகளிலும் தொடர்கிறது. டீப் புளூவோ நொடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளை அலச, சதுரங்கத்துக்கென்றே வடிக்கப்பட்ட சில்லுகளை நம்பியது. அந்தத் திறன் வேறு வேலைக்கு எளிதில் மாறவில்லை. வாட்சனை மருத்துவத்துக்குக் கொண்டுசென்ற முயற்சியும் எதிர்பார்த்த பலன் தராமல், அந்த மருத்துவப் பிரிவின் தரவுச் சொத்துகள் 2022இல் விற்கப்பட்டன.