மெஸ் டின்

எங்க சனங்களோட வரலாற்றைச் செப்புப் பட்டயத்தில் தேடினால் கிடைக்காது. பாத்திரத்தில் தேடலாம். போடிநாயக்கனூர்ப் பக்கம் எங்க வீட்டுப் பரணில் ஒரு மெஸ் டின் கிடக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பயனீர் கம்பெனியில் சேர்ந்து பர்மா எல்லையில் ரோடு போட்ட தாத்தா 1946-இல் கொண்டு வந்தது. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் இரண்டு நீள்சதுரத் தகர டப்பா, மடக்குக் கைப்பிடி. சமைக்கவும் அதுதான், தின்னவும் அதுதான்.

அந்த டின் எங்க கைக்கு வந்த கதை நீளமானது. மதராஸ் படையில் ஆரம்பந்தொட்டே பறையர்கள் இருந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் 'போர்க்குலம்' என்று ஒரு தத்துவம் பேசி, தீண்டப்படாதவர்களுக்குக் கதவைச் சாத்தினான் வெள்ளைக்காரன். முதல் போர் வந்ததும் 1917-இல் மகர்களுக்கு ஒரு பட்டாலியன், 1921-இல் கலைத்தாயிற்று. நம்மாட்கள் நிறைந்திருந்த மதராஸ் பயனீர் படையை 1933-இல் கலைத்தார்கள். அடுத்த போர் வந்தது: 1941-இல் மகர் ரெஜிமெண்ட், 1943-இல் சமார் ரெஜிமெண்ட். சமார் ரெஜிமெண்டுக்கு ஆயுசு 1946 வரைதான். சண்டை வந்தாத் திறக்கும், முடிஞ்சாச் சாத்தும் கதவு அது.

பட்டாளத்தில் சாதியே இல்லை என்று சொல்ல வரவில்லை. சாதி பார்த்துக் கம்பெனி பிரித்ததும் அதே பட்டாளந்தான். ஆனாலும் பறையன் கையில் இருந்த டின்னுக்கும் மற்றவன் கையில் இருந்த டின்னுக்கும் வித்தியாசம் கிடையாது.

ஊருக்குத் திரும்பினால் டீக்கடையில் சிரட்டை. தாத்தா சிரட்டையைத் தொடவில்லை, டின்னை நீட்டினார். கடைக்காரர் முகஞ்சுளிக்காமல் உயரத் தூக்கி ஊற்றினாராம். ஏன் சுளிக்கப் போகிறார்? அவர் கிளாஸ் தப்பித்ததே! இங்கேதான் நாம் யோசிக்க வேண்டியிருக்கிறது. பட்டாளத்தில் சமமாக இருந்த டின், கடைவாசலில் இன்னொரு சிரட்டையாகிப் போனது.

ஏலத்தோட்டத்துக்கு மலையேறினபோதும் அந்த டின் கூடவே போனது. மூணு கல்லு, ஈர விறகு, டின்னில் கஞ்சி. அங்கே யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை. இன்றைக்குப் போடி மெட்டுக்கு ஆட்களை அடைத்துக்கொண்டு ஏறுகிற ஜீப்பும் போருக்காகப் பிறந்த வண்டிதான். பட்டாளத்துச் சாமான் மலையேறிவிட்டது. பட்டாளத்துக்காரனைத்தான் பெஞ்சில் உட்காரவிடவில்லை. அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு 1950-இல் தீண்டாமையை ஒழித்தது, 1955-இல் தண்டனைச் சட்டமும் வந்தது. அதற்குப் பிறகும் எத்தனை கடைகளில் ரெட்டை டம்ளர்!

இப்போது மலையேற்றம் போகிற பட்டணத்துப் பிள்ளைகள் இந்த மாதிரி டின்னை ஆசையாக வாங்குகிறார்கள். வாங்கட்டும். சொந்தப் பாத்திரம் அவர்களுக்குச் சுதந்திரம். நமக்கு அது மரியாதையாகவும் இருந்தது, வேலியாகவும் இருந்தது.

சுபேதார் மகனான அம்பேத்கர் 1927 மார்ச் 20-இல் மகாத்துக்குப் போனபோது தனிக்குளம் கேட்கவில்லை. பொதுக்குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளினார். டின் பரணிலேயே இருக்கட்டும். கடையில் கேட்க வேண்டியது எல்லாரும் குடிக்கிற அதே கிளாஸை.