வார்டுக்குள் ஒரு ஆட்டம்

'புனர்வாழ்வு' என்ற சொல்லைக் கேட்டால் நம்மில் பலருக்கு 2009க்குப் பிறகான முகாம்கள்தான் ஞாபகம் வரும். 'திகன' என்றால் 2018 மார்ச் வன்முறை. குண்டசாலை தாண்டிப் போனால், அதே திகனவில் ஒரு புனர்வாழ்வு வைத்தியசாலையும் இருக்கு. அடிபட்டு, வாதம் வந்து விழுந்தவங்க திரும்ப எழும்பப் பழகுற இடம்.

அந்தப் பழக்கம் சும்மா வராது. ஒரே கையை ஒரே மாதிரித் திரும்பத் திரும்பத் தூக்கணும். நாளைக்கும் தூக்கணும். உடம்பு களைக்க முதல் மனசு களைச்சுடும்.

இந்தச் சலிப்புக்கு விளையாட்டை மருந்தாக்கியவர்களில் முக்கியமானவர் லுட்விக் குட்மன். நாஜி ஜெர்மனியிலிருந்து 1939இல் தப்பிய யூத வைத்தியர். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் வைத்தியசாலையில் முள்ளந்தண்டுப் பிரிவைத் தொடங்கினார். இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவர்களைப் படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும் கொண்டுபோய்விடும் என்று பலரும் கைவிட்டிருந்த காலம் அது. அங்கே சக்கர நாற்காலியில் இருந்தபடி, கைத்தடியால் வட்டை அடித்துப் போலோ ஆடினார்கள். அடிபிடி கூடிப்போனதால் பிறகு வலைப்பந்துக்கு மாறினார்கள். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், 16 பேர் அம்பெய்தல் போட்டியில் இறங்கினார்கள். அதன் தொடர்ச்சிதான் 1960 ரோம் பராலிம்பிக்.

தனியாகச் செய்யும்போது கை வலிக்குதா என்று பார்ப்போம். எதிரே ஒருத்தர் இருந்தால் பந்து எங்கே என்றுதான் பார்ப்போம். நம்ம அணி தோற்கக்கூடாதே என்று நாளைக்கும் வருவோம். 2006இல் வந்த நின்டெண்டோ வீ விளையாட்டுக் கருவி பிசியோதெரபி அறைகளுக்குள் நுழைந்ததும் இந்த நம்பிக்கையில்தான்.

நம்ம நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 2012 லண்டன் பராலிம்பிக்கில் பிரதீப் சஞ்சய வெண்கலம் வென்றார். 2021இல் டோக்கியோவில் தினேஷ் பிரியந்த ஹேரத் ஈட்டி எறிந்து தங்கம் வென்றார். இருவரும் இராணுவத்தினர். 1948இல் அம்பெய்தவர்களும் காயப்பட்ட படையினரே. சிப்பாய்க்கு அரசு கடமைப்பட்டிருக்கு, அதனால் விளையாட்டும் கிடைச்சது. தேயிலை மலையில் சறுக்கி விழுந்த அக்காவுக்கு? லயத்துப் படிக்கட்டில் சக்கர நாற்காலி ஏறாது. வீடு திரும்பினால் பயிற்சி அங்கேயே நின்றுவிடும்.

அவங்களுக்கு மைதானம் வரும்வரை ஒரு கரம் போர்டாவது வரலாமே. உட்கார்ந்தபடியே ஆடலாம், விரல், தோள், முதுகு எல்லாம் அசையும். மொழி தெரியாட்டியும் நாலு பேர் சேரலாம்.

"விளையாடி நேரத்த வீணாக்காத" என்று கேட்டு வளர்ந்தவங்கதான் நாங்க. அடுத்த முறை வார்டுக்குப் போகும்போது தோடம்பழத்தோட ஒரு சீட்டுக்கட்டையும் கொண்டுபோவோம். ஒரு ஆட்டம் போட்டுட்டு வருவோம்.