மண்டையோட்டுக்குள் ஒரு பார்வை

பாயான் பாருப் பக்கம் ஒரு மருத்துவமனையில் தலைக்கு 'ஸ்கேன்' எடுக்கச் சொல்லிவிட்டால், நம் வீடுகளில் அழுகை தொடங்கிவிடுகிறது. "மண்டையைப் பிளந்து பார்ப்பார்களோ?" என்று தோட்டத்துப் பாட்டிமார் கேட்கிறார்கள். மண்டையைப் பிளக்காமல் பார்ப்பதற்கென்றே பிறந்தது அந்தக் கருவி. அதன் வரலாற்றை இன்று காண்போம்.

1895 நவம்பரில் ஜெர்மானியரான ரோண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். முறிந்த எலும்பு படத்தில் தெரிந்தது, மூளை தெரியவில்லை. மண்டையோட்டின் நிழல் அதை மறைத்துக்கொண்டது. பிற்காலத்தில், முதுகுத்தண்டு வழியாக நீரை எடுத்துவிட்டு, காற்றைச் செலுத்திப் படம் பிடித்தார்கள். தாங்க முடியாத தலைவலி. அப்படியும் தெரிந்தது அரைகுறைதான்.

இங்கிலாந்தில் ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற பொறியாளர் இ.எம்.ஐ. நிறுவனத்தில் வேலை பார்த்தார். நாய் படம் போட்ட இசைத்தட்டுகளை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள், அதே கம்பெனிதான்! ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால்தானே நிழல் மறைக்கும்? சுற்றிச் சுற்றி அளந்தால் என்ன என்று அவர் எண்ணினார். 180 திசைகள், திசைக்கு 160 அளவு, ஆக 28,800 அளவுகள். பால்மரத்தைச் சாய்க்காமலே அதன் குறுக்குவெட்டைப் பார்ப்பது போல! ஆய்வுக்கூடத்தில் தொடக்கத்தில் ஒரு படத்துக்கு ஒன்பது நாள் பிடித்தது. 1971 அக்டோபர் 1ஆம் நாள், விம்பிள்டனில் ஒரு பெண்மணியின் மூளைக்கட்டி படத்தில் தெரிந்தது.

அளவுகளைப் படமாக மாற்றக் கணக்கு வேண்டுமே! இங்கேதான் நம்மவர் வருகிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து, பின் பெங்களூர் சென்ற ஜி.என். இராமச்சந்திரனும், ஏ.வி. இலட்சுமிநாராயணனும் அதே 1971இல் விரைவான கணக்குமுறை ஒன்றை வெளியிட்டார்கள். ஹவுன்ஸ்ஃபீல்டின் முதல் கருவி அதைக் கொண்டு இயங்கவில்லை. ஆனால் பின்னால் வந்த கருவிகள் அவ்வகைக் கணக்கையே பல்லாண்டு நம்பியிருந்தன. அதில் ஒரு பகுதிக்கு 'ராம்-லாக்' என்று இருவர் பெயருமே நிலைத்தது. 1979இல் நோபல் பரிசு ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மக் என்பவருக்கும் போயிற்று. நமக்கு அதில் சிறிது மனக்குறைதான்.

வாய் கோணி, கை விழுந்துவிட்டவருக்கு மூளையில் இரத்தக்குழாய் அடைத்திருக்கலாம், வெடித்தும் இருக்கலாம். வெளியே இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். அடைப்பைக் கரைக்கும் மருந்தை, வெடித்தவருக்குக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. அடைத்தவருக்கோ, பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் அது உடலில் ஏறியாக வேண்டும். எது என்பதை அந்தப் படம் சில நிமிடங்களில் காட்டிவிடுகிறது. எண்ணெய் தேய்த்து, விடியட்டும் என்று படுக்க வைக்கப்பட்டவருக்கு அந்த நாலரை மணி நேரம் வீட்டிலேயே கழிந்துவிடுகிறது.