லெனின்கிராட் நாய்களும் மட்டக்களப்புச் சிறுவர்களும்

1924 செப்டெம்பரில் லெனின்கிராட்டை வெள்ளம் சூழ்ந்தது. கூடுகளுக்குள் மூழ்கவிருந்த பாவ்லோவின் ஆய்வுகூட நாய்கள் பெரும்பாடுபட்டு மீட்கப்பட்டன. அவற்றுட் சில, முன்னர் பயின்றவற்றை இழந்திருந்தன. மீண்டும் தேறிய நாயொன்று, கதவிடுக்கால் சிறிது நீர் கசிந்ததும் மறுபடி நிலைகுலைந்தது. அச்சத்தைக் கற்க ஒரு நாள் போதும்; அதிலிருந்து மீளப் பல காலம் வேண்டும்.

வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடந்த நாவலடியை 2004 டிசெம்பர் 26 அழித்தது. அதற்கு முன்பே போர். அலையோசைக்கும் வெடியோசைக்கும் அஞ்சி வகுப்பிற் கவனம் சிதறும் பிள்ளையை மந்தபுத்தி என்பது பெரும்பிழை. அப்பிள்ளை கற்காமலில்லை, அஞ்சக் கற்றிருக்கிறது.

அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனடியக் கலைஞர் போல் ஹோகனும் 1996இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, போர் கண்ட சிறுவரைப் பாடத்தால் அல்ல, விளையாட்டாலும் கதையாலும் ஓவியத்தாலுமே அணுகியது. பழைய அச்சம் முற்றாக அழிவதில்லை. அதன்மேல் பாதுகாப்பைப் புதிதாகக் கற்பிக்கவேண்டும். பரீட்சைப் புள்ளியால் பிள்ளைகளை அளக்குமுன் நாம் இதனை நினைக்கவேண்டாமா?