மும்முடி தரித்த மேசை வீரர்

சேர, சோழ, பாண்டியர் முடி மூன்றுக்கும் உரியவன் என்பது தோன்ற, இராசராசன் மும்முடிச் சோழன் எனப் பெயர் பூண்டான். ஒரு முடியைப் பெறுதலே அரிது. மூன்றும் ஒருவர் தலையில் அமைதல் அதனினும் அரிது. இவ்வுண்மை போர்க்களத்துக்கு மாத்திரமன்று, பச்சைக் கம்பளி போர்த்த மேசைக்கும் பொருந்துவதாகும். ஸ்னூக்கர் ஆட்டத்திலும் மும்முடி என ஒன்று உண்டு.

இவ்வாட்டம் பிறந்த நாடு இந்தியா. 1875ஆம் ஆண்டில் ஜபல்பூரிலிருந்த ஆங்கிலப் படை அதிகாரி நெவில் சேம்பர்லின் என்பவரே இதனைத் தொடக்கினார் என்பது வழிவழி வரும் செய்தி. பின்னாளிற் பிரித்தானியப் பிரதமரான சேம்பர்லின் வேறு, இவர் வேறு. ஆட்டத்தின் விதிகள் ஒழுங்குபெற்ற இடம் நீலகிரி மலையிலுள்ள உதகமண்டலக் கழகமாகும். மலைநாட்டுக் கழகமொன்றின் பொழுதுபோக்கு, கடல் கடந்து சென்று பிரித்தானிய மக்களின் பெருவிளையாட்டாக வளர்ந்தது.

மும்முடியுள் மூத்தது உலகச் சம்பியன் பட்டம். 1927இல் முதன்முதலாக அதனை வென்ற ஜோ டேவிஸ், 1946 வரை நடந்த பதினைந்து போட்டிகளிலும் தோல்வியறியாது விளங்கினார். எனினும், மற்றை இரு முடிகளும் அவர் காலத்தில் இருந்தில. மாஸ்ரர்ஸ் போட்டி 1975இலும், ஐக்கிய இராச்சியச் சம்பியன் போட்டி 1977இலுமே தோன்றின. ஆதலின், வெல்லற்கரிய அவ்வீரரும் மும்முடி வீரர் வரிசையிற் சேர்ந்திலர்.

மூன்று போட்டிகளும் மூன்று வகையான ஆற்றலை வேண்டுவன. உலகப் போட்டி பதினேழு நாள் நீடிப்பது. அதன் இறுதியாட்டத்தில் வெல்வதற்குப் பதினெட்டு பிரேம்களைக் கைப்பற்றல் வேண்டும். அதற்கு வேண்டுவது பொறுமை. மாஸ்ரர்ஸ் போட்டிக்குத் தேர்ந்த பதினாறு வீரரே அழைக்கப்படுவர். எளிய எதிரி என ஒருவரும் அங்கில்லை. ஐக்கிய இராச்சியப் போட்டியோ ஆண்டின் இறுதிப் பகுதியில் நிகழ்வது. ஒரே பருவத்தில் மூன்றையும் வெல்ல விரும்புவோர், அங்குப் பெற்ற திறனை அடுத்த வைகாசித் தொடக்கம் வரை குன்றாது காத்தல் வேண்டும்.

மூன்றையும் முதலில் நிறைவு செய்தவர் ஸ்ரீவ் டேவிஸ், ஆண்டு 1982. அவ்வாண்டின் இறுதியிலேயே வேல்சு நாட்டவரான ரெறி கிறிபித்ஸ் அவரைத் தொடர்ந்தார். 1983இல் அலெக்ஸ் ஹிக்கின்ஸ் அதே டேவிசை எதிர்த்து, ஏழு பிரேம்கள் பின்தங்கிய நிலையிலிருந்து மீண்டு, 16–15 என வென்று தமது மூன்றாம் முடியைச் சூடினார். பின்னர் ஸ்ரீபன் ஹென்றி, ஜோன் ஹிக்கின்ஸ், மார்க் வில்லியம்ஸ், றொனி ஓ'சலிவன், நீல் றொபேட்சன், மார்க் செல்பி, ஷோன் மேர்பி, ஜட் ட்றம்ப் ஆகியோர் சேர, 2025ஆம் ஆண்டு முடிவில் இத்தகையோர் தொகை 11 ஆயிற்று. இவருள் அவுஸ்திரேலியரான றொபேட்சன் ஒருவரே பிரித்தானியத் தீவுகளுக்கு அப்பாற் பிறந்தவர்.

ஒரே பருவத்தில் மூன்றையும் வென்றோர் அதனினும் சிலரே. டேவிஸ் 1987–88இலும், ஹென்றி 1989–90, 1995–96 ஆகிய இரு பருவங்களிலும், வில்லியம்ஸ் 2002–03இலும் இதனைச் சாதித்தனர். வில்லியம்ஸ் அப்பருவத்து ஐக்கிய இராச்சிய இறுதியாட்டத்தில் கென் டோகேற்றியை 10–9 என மயிரிழையிலேயே வென்றார். உலக இறுதியாட்டத்திலும் அதே டோகேற்றியை 18–16 என வென்றார். ஓரிரு பந்துகள் தவறியிருப்பின் வரலாறு வேறாயிருக்கும்.

அவ்வாறு வரலாறு வேறாகியோரும் உளர். ஜிம்மி வைற் 1984இல் மாஸ்ரர்ஸ் பட்டத்தையும், 1992இல் ஐக்கிய இராச்சியப் பட்டத்தையும் வென்றவர். உலகப் பட்டத்துக்கோ ஆறு முறை இறுதியாட்டம் வரை வந்து ஆறு முறையும் தோற்றார். 1994இல் தமது முப்பத்திரண்டாம் பிறந்த நாளன்று, 17–17 எனச் சமநிலையில் நின்ற கடைசிப் பிரேமில், வெற்றி கைக்கெட்டிய வேளையிற் கறுப்புப் பந்தொன்றைத் தவறவிட்டார். மேசையை விட்டு அவர் விலக, ஹென்றி எழுந்து ஆடி முடியைக் கொண்டு சென்றார். சீன வீரர் டிங் ஜுன்ஹுய் மற்றை இரண்டையும் வென்றும், 2016இல் உலக இறுதியாட்டத்திற் செல்பியிடம் தோற்றார்.

மும்முடிப் போட்டிகளில் மிகப் பல பட்டங்களை வென்றவர் ஓ'சலிவன். உலகப் பட்டம் ஏழு, மாஸ்ரர்ஸ் எட்டு, ஐக்கிய இராச்சியப் பட்டம் எட்டு, ஆக 23. பதினேழு வயதில், 1993இல், வென்ற ஐக்கிய இராச்சியப் பட்டத்தையே முப்பது ஆண்டு கழித்து, 2023இலும் வென்றார். அடுத்த மாதம் மாஸ்ரர்ஸ் பட்டமும் அவரதாயிற்று. எஞ்சியது உலகப் பட்டம் ஒன்றே. 2024இன் கால் இறுதியாட்டத்தில் ஸ்ருவேட் பிங்கம் அவரை வென்றார். இருபத்து மூன்று பட்டங்களுக்குரிய அவ்வீரர்க்கும் ஒரே பருவத்தில் மும்முடி வாய்த்திலது.

கைத்திறன் மிக்கோர் பலர். ஆயினும், ஏறத்தாழ ஆறு மாத காலம் மனம் தளராது, தவறிய பந்தை மறந்து அடுத்த பந்தை நோக்க வல்லார் சிலரே. பதினோரு பெயரோடு அவ்வரிசை நிற்பதற்குக் காரணம் அதுவேயாகும்.