தொப்பீக்கா நகரின் இரு பாடசாலைகள்

ஒரு நகரிலுள்ள பாடசாலைகளை ஒப்புநோக்க விழைவோர் கட்டடம், நூல்கள், ஆசிரியர் தகுதி, மாணவர் தொகை ஆகியவற்றையே முதற்கண் ஆராய்வர். இவை எண்ணவும் அளக்கவும் கூடியன. ஆயின், இவையனைத்தும் ஒத்திருந்தும் இரு பாடசாலைகள் சமமாகாமல் இருத்தல் கூடும். இவ்வுண்மையை உலகறியச் செய்தது, ஐக்கிய அமெரிக்க நாடுகளிலே கன்சாஸ் மாநிலத்தின் தலைநகராகிய தொப்பீக்காவில் 1951 ஆம் ஆண்டு எழுந்த வழக்காகும்.

கன்சாஸ் மாநிலம் 1879 இல் இயற்றிய சட்டமொன்று, பெருநகரங்கள் வெள்ளையர்க்கும் கறுப்பினத்தவர்க்கும் தனித்தனி ஆரம்பப் பாடசாலைகளை நடத்த இடமளித்தது, கட்டாயப்படுத்தவில்லை. தொப்பீக்காவின் கல்விச் சபை அவ்விடத்தைப் பயன்படுத்திக் கொண்டது. வசதிகள் சமமாயின் பிரித்து வைத்தல் குற்றமன்று என அமெரிக்க உயர்நீதிமன்றம் 1896 இல் ஒரு புகையிரத வண்டி வழக்கிலே வழங்கிய தீர்ப்பு இவ்வழக்கத்திற்கு அரணாய் நின்றது. 1951 இல் அந்நகரிலே வெள்ளைச் சிறார்க்குப் பதினெட்டு ஆரம்பப் பாடசாலைகளும் கறுப்பினச் சிறார்க்கு நான்கும் இருந்தன. மேல்வகுப்புகளில் இரு சாராரும் ஒரே பாடசாலையிற் பயின்றனர். பிரிவினை இளஞ்சிறார்க்கே உரியதாயிற்று.

கறுப்பினத்தவர்க்குரிய நான்கனுள் ஒன்று மன்றோ பாடசாலை. 1926 இல் எழுந்த அதன் செங்கற் கட்டடம் இழிவானதன்று. அதன் ஆசிரியர்கள் தக்க பயிற்சி பெற்றவர்கள். பெற்றோரின் மதிப்பிற்கு உரியவர்கள். வெள்ளையர்க்குரிய சம்னர் பாடசாலையின் கட்டடம் 1936 இல் எழுந்தது. அப்பாடசாலை தாங்கிய பெயர் சார்ல்ஸ் சம்னர் என்பாருடையது. அடிமை முறையை எதிர்த்த அப்பெரியார், 1849 இல் பொஸ்ரன் நகரில் ஒரு கறுப்பினச் சிறுமிக்காக, இனவாரிப் பாடசாலைகள் தகாவென நீதிமன்றத்தில் வாதாடித் தோற்றவர். அவர் பெயரைத் தாங்கிய பாடசாலையே நூறாண்டின் பின் மற்றொரு கறுப்பினச் சிறுமிக்குக் கதவடைத்தது.

அச்சிறுமி லிண்டா பிரவுண். அவள் தந்தை ஒலிவர் பிரவுண் புகையிரதப் பட்டறையில் உலோகம் ஒட்டும் தொழிலாளர். திருச்சபையொன்றில் உதவிப் போதகராகவும் இருந்தவர். ஏழு தெருக்கள் கடந்தால் சம்னர் பாடசாலை. அவளோ காலை 7.40 மணிக்குப் புறப்பட்டு, புகையிரதங்கள் தடம் மாறும் இடத்தினூடாக நடந்து, பஸ் ஏறி, 9 மணிக்குத் தொடங்கும் மன்றோ பாடசாலைக்குச் சென்றாள். 1950 இல் தந்தையார் அவளைச் சம்னரிற் சேர்க்க முயன்றார், மறுக்கப்பட்டார். 1951 பெப்புருவரியில் அவரும் வேறு பன்னிரு பெற்றோரும் வழக்குத் தொடுத்தனர்.

வழக்காளர் சார்பில் கன்சாஸ் நகரப் பல்கலைக்கழகக் கல்வித்துறைத் தலைவர் ஹியூ ஸ்பீர் நகரப் பாடசாலைகளை ஒப்பாய்ந்து சாட்சியமளித்தார். பாடத்திட்டம் என்பது பாடங்களின் பட்டியல் மட்டுமன்று, பாடசாலையில் குழந்தை பெறும் அனுபவம் முழுவதுமே என்பது அவர் வாதம். உளவியலறிஞர் லூயிசா ஹோல்ற், பிரிவினை குழந்தையின் உள்ளத்தில் விளைக்கும் ஊறுபாட்டை எடுத்துரைத்தார். 1951 ஓகஸ்டில் நீதிபதிகள் மூவர் தீர்ப்பளித்தனர். கட்டடம், பாடத்திட்டம், ஆசிரியர் தகுதி ஆகியவற்றிலே பாடசாலைகள் ஒப்பானவை எனக் கண்டு, முந்தைய தீர்ப்பிற்குக் கட்டுப்பட்டு வழக்கைத் தள்ளினர். எனினும், சட்டத்தின் ஆதரவோடு நிகழும் பிரிவினை கறுப்பினக் குழந்தைகளிடம் தாழ்வுணர்ச்சியை ஊட்டிக் கற்கும் ஊக்கத்தைக் குன்றச் செய்கின்றது என்பதையும் அவர்கள் எழுதி வைத்தனர்.

தோல்வியாகத் தோன்றிய இத்தீர்ப்பே வெற்றிக்கு வித்தாயிற்று. தென் கரோலினாவின் கிளாரண்டன் பகுதியிலிருந்து வந்த வழக்கிலே பாடசாலைகளின் ஏற்றத்தாழ்வு கண்கூடு. அங்கே புதிய கட்டடங்களை எழுப்பிக் குறை தீர்ந்ததெனக் கூறிவிடலாம். தொப்பீக்காவிலோ கட்டுதற்கு ஒன்றுமில்லை. பிரிவினையே எஞ்சி நின்றது. ஆகவே, பிரித்தல்தானே தீங்கா என்னும் வினாவிலிருந்து உயர்நீதிமன்றம் விலக இயலவில்லை. 1954 மே 17 ஆம் நாள் பிரதம நீதியரசர் எர்ல் வாரன் ஒன்பது நீதியரசரும் ஒருமித்த தீர்ப்பை வாசித்தார். கன்சாஸ் நீதிபதிகளின் மேற்கூறிய முடிபை எடுத்தாண்டு, பிரிக்கப்பட்ட பாடசாலைகள் இயல்பாகவே சமமற்றவை என அத்தீர்ப்பு அறைந்தது.

வெற்றிக்கும் விலை இருந்தது. 1953 இலேயே நகரக் கல்வி நிர்வாகம் கறுப்பின ஆசிரியர் சிலருக்கு மறு ஆண்டு வேலை தர இயலாதென எழுதிற்று. வெள்ளைச் சிறார்க்குக் கறுப்பின ஆசிரியர் கற்பிப்பதை நகரத்தாரிற் பெரும்பான்மையோர் விரும்பார் என்பது அது காட்டிய காரணம். தகுதியிற் குறைந்தவரல்லர் என்று நீதிமன்றம் கண்ட ஆசிரியரே இவ்வாறு இன்னலுற்றனர். கதவைத் திறந்த சட்டம் உள்ளங்களையும் உடனே திறந்துவிடவில்லை. 1979 இல் லிண்டா பிரவுண், தாயாகிய நிலையில், அதே நகரில் மீண்டும் வழக்காட நேர்ந்தது.

மன்றோ பாடசாலை 1975 இல் மூடப்பட்டது. பின்னர் தேசிய வரலாற்றுச் சின்னமாகி, 2004 இல் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. அதன் சுவர்களிற் குறை காண்பதற்கு அன்றும் அதிகமில்லை. ஒரு பாடசாலை எத்துணைச் சிறந்தது என்று கேட்பதோடு, அதன் வாயிலில் யார் நிறுத்தப்படுகின்றனர் என்றும் கேட்டாலன்றி ஒப்பீடு நிறைவுறாது என்பதே அந்நகரம் கல்வியுலகிற்கு ஈந்த பாடமாகும்.