ஆலையோடை என்னும் மெல்போர்ன்

தமிழ்க்காது உள்ளவர்களுக்கு ‘மெல்போர்ன்’ என்ற பெயரில் முதலில் அகப்படுவது ‘மெல்’ என்னும் வேர்தான். பல்லால் அரைப்பது மெல்லுதல். நொய்ந்து குழைந்தது மெல்லிது. அந்தப் பெருநகரின் பெயருக்குள் தானியம் அரைக்கும் ஓர் ஆலை இருக்கிறது என்று நான் சொல்லப்போவதைக் கேட்டதும், சொல்லன்பர்களே, நீங்கள் அந்த ‘மெல்’லைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடக் கூடாது. ஒலி ஒத்தால் மட்டும் உறவு ஆகிவிடாது. பெண் கொடுப்பதற்கு முன் ஊரும் வழியும் விசாரிப்பதுபோல் சொல்லுக்கும் விசாரிக்க வேண்டும். விசாரிப்போம்.

1837இல் நியூ சவுத் வேல்ஸின் ஆளுநர் ரிச்சர்டு போர்க், யாரா ஆற்றங்கரையில் இரண்டாண்டுக்கு முன் முளைத்திருந்த குடியிருப்புக்கு, அன்றைய பிரிட்டிஷ் தலைமை அமைச்சர் மெல்போர்ன் பிரபுவின் பெயரைச் சூட்டினார். பிரபுவின் சொந்தப் பெயர் வில்லியம் லேம்ப். லேம்ப் என்றால் ஆட்டுக்குட்டி. குடும்பப் பெயரைச் சூட்டியிருந்தால் அந்த நகரம் இன்று ஆட்டுக்குட்டியாக இருந்திருக்கும். பட்டப்பெயரோ, இங்கிலாந்தின் டார்பிஷர் வட்டாரத்தில் அவர் குடும்பத்துக்குத் திருமண வழியாக வந்த மாளிகை நிற்கும் சிற்றூரின் பெயர். சுற்றுலாத் தொழிலின் தந்தை எனப்படும் தாமஸ் குக் 1808இல் பிறந்ததும் அவ்வூரில்தான். ஊர்க்காரர் பயணம் போனதைவிட ஊர்ப்பெயர் நெடுந்தொலைவு போயிருக்கிறது. 1086இல் வெற்றிவேந்தன் வில்லியம் நாடு முழுதும் நிலமும் வரியும் கணக்கெடுத்து எழுதுவித்த டூம்ஸ்டே ஏட்டில் அந்த ஊர் ‘மிலேபுர்னே’ என்று பதிவாகியிருக்கிறது. ஆலையோடை என்பது பொருள்.

பின்சொல் எளியது. ‘புர்னா’ பழைய ஆங்கிலத்தில் ஓடை. ஸ்காட்லாந்தில் சிற்றோடையை இன்றும் ‘பர்ன்’ என்கிறார்கள். இலண்டனின் ஹோபர்ன், பள்ளத்தில் ஓடிய ஓடை. தென்கரையின் போர்ன்மத் என்னும் ஊர், ஓடை கடலில் கலக்கும் வாய். எல்லை என்று பொருள்படும் இன்னொரு ‘போர்ன்’ பிரெஞ்சிலிருந்து வந்தது. அதற்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

முன்சொல்லில்தான் விருந்து. பழைய ஆங்கிலத்தில் ஆலைக்கு ‘மியுலென்’; முதல் எழுத்தை அடுத்த உயிர், இதழ் குவித்துச் சொல்லும் இகரம், நம் நெடுங்கணக்கில் இடமில்லாத ஒலி. அது இலத்தீன் ‘மொலினா’விலிருந்து பெற்ற கடன். மொலினாவுக்குத் தாய் ‘மோலா’, திரிகைக்கல். அதற்கும் அடியில் அரைத்தலைக் குறிக்கும் வினை. கடைவாய்ப்பல்லைப் பல்மருத்துவர் ‘மோலார்’ என்பதும் அந்த வினையின் வழித்தான். நாம் முதலில் தள்ளிவைத்த ‘மெல்’ இங்கே மறுபடி கதவைத் தட்டுகிறது. தட்டட்டும், திறக்க வேண்டாம்.

ஆங்கிலேயரின் முன்னோரிடம் தானியம் அரைக்கக் கல்லே இல்லையா, ஏன் கடன் வாங்கினார்கள் என்று கேட்பீர்கள். இருந்தது. கையால் சுற்றும் திரிகைக்கு அவர்களிடம் ‘குவெர்ன்’ என்ற சொந்தச் சொல் உண்டு. வேதத்தில் சோமக்கொடியை நசுக்கும் கல்லுக்கு வழங்கிய ‘கிராவன்’ அதற்குத் தொலைவுச் சொந்தம். ஆனால் நீரால் சுற்றும் கல்லை அந்த மக்கள் உரோமானியரிடம்தான் கண்டார்கள். கி.மு. முதல் நூற்றாண்டில் விட்ருவியஸ் தம் கட்டடக்கலை நூலில் அந்தப் பொறியை விளக்கியிருக்கிறார். பொறி புதிது, ஆகவே பெயரும் பொறியோடு வந்தது. பழைய சொல் பழைய கருவியோடு அடுக்களையிலேயே தங்கிவிட்டது. டார்பிஷரிலேயே குவார்ண்டன் என்றோர் ஊர், திரிகைக்கல் எடுத்த குன்று; அந்தப் பழஞ்சொல் அங்கே ஊர்ப்பெயராய்ப் பிழைத்திருக்கிறது. அவ்வட்டாரத்துப் பாறைக்கே திரிகைக்கல் மணற்பாறை என்று நிலவியலார் பெயரிட்டிருக்கிறார்கள். விலைபோகாமல் கைவிட்ட ஆலைக்கற்கள் ஹேதர்சேஜ் மலைச்சரிவுகளில் இன்றும் புல்லுக்குள் கிடக்கின்றன. 1951இல் அங்கே அமைந்த தேசியப் பூங்காவின் சின்னமும் அந்தக் கல்தான்.

நம் திரிகையையும் ஒரு நொடி எண்ணிப் பாருங்கள். இலத்தீன்காரன் கல் செய்யும் வேலையைப் பார்த்துப் பெயரிட்டான். தமிழன் கல்லின் அசைவைப் பார்த்துப் பெயரிட்டான். திரிவதால் திரிகை. நூலைத் திரிப்பதும், யாழ்ப்பாணத்தில் மாவைத் திரிப்பதும், ஒருவர் பேச்சை மற்றவர் திரிப்பதும் ஒரே வினை. சொற்களுக்கு நேர்வதையும் நம் இலக்கணம் அதே வினையால்தான் சொல்கிறது: தோன்றல், திரிதல், கெடுதல். ‘மியுலென்’ இந்த மூன்றில் இரண்டைப் பட்டது. குவிந்த இகரம் குவிவு நீங்கி வெறும் இகரமாய்த் திரிந்தது; ஈற்று னகரம் கெட்டது. சூளையைக் குறிக்கும் ‘கில்ன்’ என்ற சொல்லுக்கும் இதே கேடு வந்தது; எழுத்தில் னகரம் நின்றாலும் நெடுங்காலம் அதை ‘கில்’ என்றே சொன்னார்கள். ஆலைச் சொல்லின் னகரமோ எழுத்திலும் போயிற்று. போன இடம் தெரியும்: மில்ன், மில்னர் என்னும் குடும்பப் பெயர்களில் அது பத்திரமாக இருக்கிறது. ஆலைக்காரரின் வழிவந்தோர் ஐரோப்பா எங்கும் உண்டு. ஜெர்மனியில் மியுல்லர், அங்கேரியில் மோல்னார், ஸ்பெயினில் மோலினா. ஒரே கல் சுற்றியதில் உதிர்ந்த பெயர்கள்.

மில் என்பது மெல் ஆனதைக் கண்டு நாம் வியக்க வேண்டியதில்லை. இலையை எலை என்றும் இடத்தை எடம் என்றும் சொல்கிற வாய் நம்முடையது. (நம் திரிபுக்குக் காரணம் அடுத்த அசையின் அகர ஐகாரங்கள், அவர்களுடையதற்கு வேறு காரணம். விளைவு மட்டும் ஒன்று.)

டூம்ஸ்டே ஏட்டில் ஏறத்தாழ ஆறாயிரம் ஆலைகள் இருக்கின்றன. சில ஆலைகளுக்கு வரி பணமாக இல்லாமல் விலாங்கு மீனாகக் குறிக்கப்பட்டிருக்கிறது, ஆலைக்குளத்தில் விலாங்கு பிடிபடும் என்பதால். அந்த ஏட்டில் காற்றாலை ஒன்றுகூட இல்லை. காற்றாலை அந்நாட்டுக்கு வந்தது அடுத்த நூற்றாண்டின் கடைசியில்தான். ஆகவே 1086இல் ‘மில்’ என்றால் நீராலை, அடைமொழி வேண்டியிருக்கவில்லை. காற்றில் சுழலும் ஆலை வந்தபின்தான் பழையதற்கு ‘நீர்’ என்ற முன்னொட்டைத் தேடிச் சேர்க்க நேர்ந்தது. எள்ளின் நெய் எண்ணெய். பிறகு கடலையும் தேங்காயும் எண்ணெய் ஆனதால் சொந்தக்காரியான எள்ளுக்கு ‘நல்லெண்ணெய்’ என்று தனிப்பெயர் வைக்க வேண்டிவந்ததே, அந்த வழக்குத்தான்.

அந்த ஆலைக்குள் நுழைந்தால் இன்னும் சொற்கள் கிடைக்கும். ஓடையிலிருந்து வெட்டிய வாய்க்கால் மதகைத் தாண்டிச் சக்கரத்தின் மேல் விழுகிறது; சக்கரம் மெல்லச் சுற்ற, பற்சக்கரங்கள் அதை விரைவுபடுத்தி மேல்கல்லைச் சுழற்றுகின்றன; அடிக்கல் அசைவதில்லை. இரண்டு கற்களின் முகத்திலும் காடி வெட்டியிருக்கும், தேய்ந்தால் நம் அம்மி கொத்துவதுபோல் உளியால் கொத்த வேண்டும். மேலே பெட்டியில் கொட்டிய தானியம் ஒரு சாய்ந்த தொட்டில் வழியாகக் கல்லின் கண்ணுக்குள் இறங்குகிறது. அது ஒரே சீராக இறங்க, கல்லோடு சேர்ந்து சுற்றும் ஓர் இரும்புத் தண்டு தொட்டிலை ஓயாமல் தட்டிக்கொண்டே இருக்கும். அந்தத் தண்டுக்கு ஆலைக்காரர்கள் வைத்த பெயர் ‘டாம்செல்’, பருவப்பெண்; ஓயாமல் பேசிக்கொண்டிருப்பதால் அந்தப் பெயராம். வைத்தவர்கள் ஆண்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே விழுவது ‘கார்ன்’. நமக்கு அது மக்காச்சோளம். இங்கிலாந்தில் கோதுமை, வாற்கோதுமை, காடைக்கண்ணி எல்லாமே அந்தப் பெயருக்குள் அடக்கம்.

இந்த நீர்ச்சக்கரம் மாவோடு நிற்கவில்லை. டார்பி நகரில் டெர்வென்ட் ஆற்றின்மேல் 1721 அளவில் பட்டு முறுக்கும் ஆலை எழுந்தது. அதே ஆற்றங்கரையில் குரோம்ஃபோர்டில் 1771இல் ஆர்க்ரைட் பருத்தி நூற்கும் ஆலையைத் தொடங்கினார். இரண்டும் டார்பிஷரில். கல் இல்லை, மாவு இல்லை, ஆனாலும் ஓடும் நீரில் சக்கரம் சுற்றியது. ஆகவே அவையும் ‘மில்’ ஆயின. பிறகு நீராவி வந்து ஆறும் தேவையில்லை என்றான போதும் பெயர் விடவில்லை. அந்தப் பெயர்தான் கப்பலேறி நம்மிடம் வந்தது. 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் கோயம்புத்தூரில் பஞ்சாலை தொடங்க, மில் கொங்கு மண்ணின் சொல்லாயிற்று. ‘மில்லு வேலை’ என்றால் நூற்பாலை வேலை. அதே ஊரில் தெருமுனையில் மிளகாய் அரைப்பதும் மில்லுத்தான். எந்தப் பொருளில் புறப்பட்டதோ அந்தப் பொருளும் எந்தப் பொருளுக்கு விரிந்ததோ அந்தப் பொருளும் தமிழில் அடுத்தடுத்த தெருக்களில் குடியிருக்கின்றன. 1930களில் பைக்காரா அருவியின் மின்சாரம் கோவைக்கு இறங்கி ஆலைகள் பெருகியபோது, மில்லை மீண்டும் நீர் ஓட்டியது.

நம் ‘ஆலை’யும் இதே வழியில் நடந்த சொல் என்பதில் எனக்குச் சற்றுப் பெருமை உண்டு. அது முதலில் கரும்பு பிழியும் பொறி. இன்று பஞ்சாலை, காகித ஆலை, உருக்காலை என்று எதையும் ஏற்கிறது. நசுக்கும் கருவியின் பெயர் தொழிலகத்தின் பெயராகப் பெருகுவதை ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்கவில்லை. இரண்டு மொழிகளும் தனித்தனியே அந்த முடிவுக்கு வந்தன.

எச்சரிக்கை ஒன்று. ஒரே முகமுள்ள ஊர்ப்பெயர்கள் எல்லாம் ஒரே வயிற்றில் பிறந்தவை அல்ல. யார்க்ஷரிலும் ஒரு மெல்போர்ன் உண்டு; டூம்ஸ்டே ஏட்டில் அது ‘மிட்டெல்புர்னே’, நடு ஓடை. அங்கே ஆலை கிடையாது. மில்டன் என்னும் ஊர்களும் அப்படித்தான். பெரும்பாலானவை நடுவூர், சிலவே ஆலையூர். பழைய எழுத்தைப் பாராமல் பெயருக்குப் பொருள் சொல்பவரை நம்பாதீர்கள்.

தென்கண்டத்துக்குத் திரும்புவோம். யாரா என்பதும் மனிதர் வைத்த பிழைப்பெயர். 1835இல் ஜான் ஹெல்டர் வெட்ஜ் என்ற நில அளவையாளர், பாறைமேல் சரிந்து விழும் நீரைச் சுட்டி அம்மண்ணின் மக்கள் சொன்ன சொல்லை ஆற்றின் பெயர் என்று எழுதிக்கொண்டார். ஆற்றுக்கு அவர்கள் வைத்த பெயர் பிரராங். ஆக, ஓடும் நீரைக் குறிக்கும் ஒரு சொல்லின் கரையில் ஓடையைக் குறிக்கும் இன்னொரு சொல் வந்து குடியேறியது. நகருக்குச் சற்று மேலே, மெர்ரி ஓடை யாராவில் கலக்கும் இடத்தில், 1840களின் தொடக்கத்தில் டைட் குடும்பத்தார் பாறைகளுக்குக் குறுக்கே அணை கட்டி, மாவரைக்கும் நீராலை நிறுவினார்கள். அவர்களுக்கு மாவு வேண்டியிருந்தது, அங்கே நீர் விழுந்தது. பெயரின் பொருளை நினைத்தா கட்டினார்கள்? அந்த இடத்துக்கு இன்றும் டைட்ஸ் அருவி என்று பெயர்.

இனி எழுத்துச் சிக்கல். தமிழ்நாட்டு நாளிதழ்கள் மெல்போர்ன் என்கின்றன. அங்கே வாழும் ஈழத்தமிழர் பலர் மெல்பேர்ண் என்று எழுதுகிறார்கள். அவ்வூர் வெள்ளையர் வாயிலோ அது வெறும் ‘மெல்பன்’, ரகரமும் கெட்டு உயிரும் தேய்ந்த வடிவம். நம் நாளிதழ் வழக்கை ஒட்டியே இங்கே எழுதினேன். என்னைக் கேட்டால் என் வாக்கு ‘பேர்ண்’ என்பதற்கே: ஸ்காட்லாந்துக்காரரின் ‘பர்ன்’ எனும் ஓடைக்கு ‘போர்ன்’ஐவிட அது ஓரடி அருகில் இருக்கிறது.